பள்ளியை நாடும் பிள்ளையும் பயணத்தை நாடும் பெற்றோரும்

பள்ளிக்கூடமே வேண்டுவதில்லை, ஊர் ஊராக அழைத்துச் சென்று உலகைக் காட்டினால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்று கருதும் பெற்றோர் நம் நாட்டிலும் இருக்கின்றனர். ஜான் ஹோல்ட் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1970களில் இம்முறைக்கு ஒரு பெயர் சூட்டிப் பரப்பினார். தமிழில் அதைப் ‘பள்ளி சாராக் கல்வி’ எனலாம். அவ்வாறு வளரும் பிள்ளை ஒருநாள், “அம்மா, நான் பள்ளிக்குப் போகிறேன்” என்று சொன்னால் பெற்றோர் என் செய்வது?

இந்நெறியைப் போற்றுவோர் அடிக்கடி இரவீந்திரநாத தாகூரைச் சான்று காட்டுவர். பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது என்பது உண்மையே. 1873ஆம் ஆண்டு, பதினொரு வயதில், தந்தையார் தேவேந்திரநாதருடன் சாந்திநிகேதனத்தில் தங்கி, அமிருதசரஸ் வழியாக டல்ஹௌசி மலைக்குச் சென்றார். வழியெல்லாம் வடமொழியும் ஆங்கிலமும் வானநூலும் தந்தையாரே கற்பித்தார். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. அதே இரவீந்திரர் 1901இல் சாந்திநிகேதனத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் மாணவர் ஐவருள் அவர் மைந்தரும் ஒருவர். பயணத்தின் பயனை நுகர்ந்தவரே, பிள்ளைகளுக்குக் கூடிப் பயிலும் இடமொன்று வேண்டும் என்று கண்டார்.

அந்தக் கூட்டுறவைத்தான் குழந்தை நாடுகிறது. ஓரூரில் பத்து நாள் பழகி, மறு ஊரில் புதிதாய்த் தொடங்கும் நட்பு அதற்கு அலுத்துவிடுகிறது. நாள்தோறும் அதே முகங்கள், அதே பெஞ்சு, தன் பெயரை அறிந்த ஓர் ஆசிரியை ஆகியவற்றை அது விரும்புகிறது. மாற்றல் உத்தரவுகளுடன் வாழும் நமக்கு இவ்வேக்கம் புதிதன்று. 1963இல் மத்தியப் பள்ளிகள் என்ற பெயரில் தொடங்கிய கேந்திரிய வித்தியாலயங்கள், இத்தகைய ஊழியர்களின் பிள்ளைகளை எண்ணி எழுந்தவையே.

பிள்ளையின் விருப்பமே வழிகாட்டி என்பது பள்ளி சாராக் கல்வியின் அடிப்படை. அவ்விருப்பம் பள்ளியின் பக்கம் சாயும்போது மட்டும் அதைப் பேதைமை என்று ஒதுக்குவது எங்ஙனம் பொருந்தும்? பெற்றோருக்கு இதில் இழப்பு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் குடும்பம் முழுவதும் மணிக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. தம்பி வீட்டிலேயே கற்க விரும்பினால் சிக்கல் இரட்டிக்கும். அப்போது தாயும் தந்தையும் முறை வைத்துக்கொள்வதே நேர்வழி: ஒருவர் இளையவனுடன் புறப்பட, மற்றவர் மூத்தவளுடன் ஊரில் தங்கலாம். அவளைப் பருவத்தின் நடுவில் இழுத்துச் சென்றுவிட்டு, காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதும் பெற்றோரும் உண்டு. எழுதுவது தந்தையானாலும், தலைமையாசிரியர் முன் நிற்பவள் மகளன்றோ!

இருபுறமும் கதவு திறந்தே இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தை, முன்பு பள்ளியே காணாதிருப்பினும், வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும் தனிப்பயிற்சி பெறவும் வகைசெய்கிறது. மீண்டும் வீட்டுக் கல்விக்கே திரும்ப விரும்பும் பிள்ளை, 14 வயது நிரம்பியபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம்.

பிற மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் இந்தியோ மராத்தியோ வங்கமோ விரைவில் வந்துவிடும்; தமிழ் எழுத்துத்தான் நழுவும். எஞ்சிய பயணங்களை இதற்குப் பயன்படுத்தலாம். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும் குழந்தைக்கு நிலையப் பெயர்ப் பலகைகளே அரிச்சுவடி. நாகபுரி கடந்து பல்லார்ஷா வரை தேவநாகரி, வாரங்கல், விசயவாடாவில் தெலுங்கு, ஆரம்பாக்கத்தில் தமிழ். அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் மகிழ்ச்சி தனி.

நாள் குறிப்பதில் மட்டும் சற்றுக் கருத்து வேண்டும். தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை பெரும்பாலும் மே நடுவில் தொடங்கி ஜூன் இறுதி வரை நீளும். தமிழ்நாட்டிலோ ஜூன் மாதமே பள்ளிகள் திறந்துவிடும். அத்தை பிள்ளைகளுடன் ஆடிப்பாட வேண்டுமெனில் மே மாதப் பின்பாதியே ஏற்றது. ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. மார்ச்சு மாதமே நாட்காட்டியைப் பிள்ளையிடம் கொடுத்து நாளைக் குறிக்கச் சொல்லுங்கள்.