சென்னை மாநகராட்சி: மேயரும் மன்றமும் ஆணையரும்

சென்னை மாநகராட்சிக்குத் தலைமை இரண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குத் தலைவர் மேயர். அலுவலர்களுக்கும் அன்றாட நிர்வாகத்துக்கும் தலைவர் ஆணையர். மேயர் கவுன்சிலர்களில் ஒருவர். ஆணையரோ மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சாலை, குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, பூங்கா என எதை எடுத்தாலும் இந்த இரு தரப்பும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கியது. அதற்கான அரச சாசனத்தை இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் 1687 டிசம்பரில் வழங்கியிருந்தார். முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். அப்போது நகரத்து மக்களுக்கு வாக்குரிமை கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி வைத்ததே சட்டம். பின்னாளில் மேயர் பதவியே இல்லாமல் போய், நகரசபைக்குத் தலைவர் என்ற பதவி வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராகப் பிட்டி தியாகராயர் பொறுப்பேற்றார். 1933-இல் மேயர் பதவி திரும்பி வந்தபோது முத்தையா செட்டியார் மேயரானார்.

மன்றம் கூடும் இடம் 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை. 2011-இல் சுற்றுப்புற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டபோது நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. வார்டுக்கு ஒரு கவுன்சிலர். பதவிக்காலம் 5 ஆண்டுகள். வார்டுகளில் பாதி பெண்களுக்கு உரியவை. பட்டியல் சாதியினருக்கும் தனி ஒதுக்கீடு உண்டு.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை பலமுறை மாறியிருக்கிறது. 1996-இலும் 2001-இலும் மக்களே நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினை மேயராக்கினார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் கூடி மா. சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல் வந்தது. சைதை துரைசாமி வென்றார். 2022-இல் திரும்பவும் கவுன்சிலர்கள் வழியே தேர்தல். அந்த ஆண்டு மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4 அன்று ஆர். பிரியா பதவியேற்றார்.

மன்றக் கூட்டத்தை மேயர் தலைமையேற்று நடத்துகிறார். அவர் இல்லாதபோது துணை மேயர் அந்த இடத்தில் அமர்கிறார். மாநகராட்சியின் ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை மேயருக்கு உண்டு. அங்கியும் தங்கச் சங்கிலியும் அணிந்து அவைக்கு வருவது மரபு. கவுன்சிலர்கள் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

200 பேர் கூடும் அவையில் ஒவ்வொரு கோப்பையும் அலசிப் பார்க்க நேரம் இருக்காது. அதற்காகவே நிலைக்குழுக்கள் இருக்கின்றன: கணக்கு, கல்வி, பொதுச் சுகாதாரம், வரிவிதிப்பும் நிதியும், நகரமைப்பு, பணிகள் என ஆறு. பணியிடங்களுக்கென நியமனக் குழு ஒன்றும் உண்டு. இவை தவிர, நகரம் 15 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் அங்குள்ள கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை மண்டலக் குழுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தம் தெருவில் தேங்கும் தண்ணீரைப் பற்றிக் கவுன்சிலர் முதலில் பேசும் இடம் பெரும்பாலும் இந்த மண்டலக் கூட்டம்தான்.

மன்றம் எடுத்த முடிவை நிறைவேற்றுவது ஆணையரின் பொறுப்பு. அவர் மன்றக் கூட்டத்தில் கலந்துகொண்டு பேசலாம், வாக்களிக்க முடியாது. அவருக்குக் கீழே துணை ஆணையர்கள் பணிகள், கல்வி, சுகாதாரம், வருவாய் ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். வடக்கு, மத்தியம், தெற்கு ஆகிய வட்டாரங்களுக்கும் துணை ஆணையர்கள் உண்டு. மண்டல அலுவலகத்தில் மண்டல அலுவலர், பொறியாளர்கள், சுகாதார அலுவலர் எனத் தனி வரிசை இருக்கிறது. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. ஆகவே மேயருக்கும் ஆணையருக்கும் கருத்து மாறுபட்டால், தீர்க்கும் இடம் பல நேரங்களில் ரிப்பன் மாளிகைக்கு வெளியே, தலைமைச் செயலகத்தில் இருக்கிறது.

தலைநகரில் மாநகராட்சியின் கைக்கு எட்டாத வேலைகளும் நிறைய. குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பெருநகரத்துக்கான திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. மாநகரப் பேருந்தும் காவல்துறையும் மாநில அரசின் கீழ் இயங்குகின்றன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மக்கள் கவுன்சிலரைக் கேட்பார்கள். அவர் வாரியத்திடம் சொல்ல வேண்டும்.

மன்றமே இல்லாத காலமும் இருந்திருக்கிறது. 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றம் 1996-இல்தான் வந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளும் அரசு நியமித்த தனி அலுவலர்களே நகரை நடத்தினார்கள். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும், கலைத்தால் 6 மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்று விதித்தது. தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு வந்தது. அப்படியிருந்தும் 2016 முதல் 2022 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அந்த நாட்களிலும் ஆணையரும் அலுவலகமும் இயங்கின, வரி வசூலானது, குப்பை அள்ளப்பட்டது. வரிப்பணம் எங்கே போகிறது என்று அவையில் எழுந்து கேட்கும் 200 பேர்தான் இல்லை.