வெளிச்சம் எங்கே போயிற்று?



மயிலாப்பூரில் நின்றுகொண்டு வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவதென்றால், தேர்த் திருவிழா விளக்குகளைப் பற்றி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனின் திரையைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். தியாகராயநகர்க் கடைகளில் 'ஓ.எல்.இ.டி.' திரை என்று சொல்லி விற்கிறார்களே, அதற்குப் பின்னால் தனி விளக்குக் கிடையாது. சாயத்தைப் போன்ற கரிமப் பொருளின் மெல்லிய பூச்சே, மின்சாரம் பாய்ந்தவுடன் தானாக ஒளி விடுகின்றது.

இது எந்த முனிவரும் ஞானதிருஷ்டியால் கண்டதல்ல. 1987-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், இரண்டு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் ஒளிரச் செய்தார்கள். 1990-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் பிளாஸ்டிக் ஜாதியைச் சேர்ந்த பாலிமரையே ஒளிரச் செய்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்னதில் 100 எலக்ட்ரான் செலுத்தினால் ஒளித்துகளாக வெளிவந்தது சுமார் 1. பாலிமரிலோ 10,000-க்கு 5-க்கு மேல் தேறவில்லை. பாக்கியெல்லாம் எங்கே போயிற்று?

இதெல்லாம் நம் பழைய ஏடுகளிலேயே இருக்கின்றதென்று சொல்லுகிறவர்கள் எப்போதும் சிலர் உண்டு. அவர்களிடம் நூற்றுக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

விஷயம் இதுதான். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரானும், மறு பக்கத்திலிருந்து எலக்ட்ரான் இல்லாத காலியிடமும் வந்து சந்தித்தால்தான் ஒளி பிறக்கும். எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்றொரு குணம் உண்டு. அதனால் அந்தச் சந்திப்பு நான்கு விதமாக நேரலாம். சாதாரணக் கரிமப் பொருளில் ஒரு விதம்தான் ஒளி தரும். மற்ற மூன்றும் வீண் உஷ்ணமாகப் போகும். ஆகவே நூற்றுக்கு 75 நஷ்டம் என்பது இயற்கையின் சட்டம், அதை மீற முடியாது என்றே இருந்தது.

சட்டம் மெய்தான். ஆனால் எந்த நிலைமையில் மெய் என்று கேட்டார்கள். 1998-ல் பிரின்ஸ்டன், தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்கள், பிளாட்டினம் என்னும் கனத்த உலோகத்தின் அணு சேர்ந்த சாயத்தைக் கலந்தார்கள். அதன் பக்கத்தில் சுழற்சியின் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகின்றது. வீணாய்ப் போன மூன்று பங்கும் ஒளியாக மாறுகின்றது. 2001-க்குள் இரிடியத்தைக் கொண்டு உள்ளே பிறக்கும் ஒளி நூற்றுக்கு நூறை நெருங்கிவிட்டது. இரிடியமோ மிக அரிய உலோகம். 2012-ல் ஜப்பானில் கியூஷு சர்வகலாசாலையின் அடாச்சி கூட்டத்தார், உலோகமே வேண்டாம், அறையின் சூட்டையே ஏணியாக வைத்து அந்த மூன்று பங்கையும் மேலேற்றி ஒளியாக்கலாம் என்று காட்டினார்கள்.

அப்படியும் உள்ளே பிறந்த ஒளியில் சாதாரணமாக ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகின்றது. குளத்தில் மூழ்கிச் சாய்வாக மேலே பார்த்தால் தண்ணீரின் மேற்பரப்பே கண்ணாடி போலத் தெரியுமல்லவா? அதைப் போலவே கண்ணாடியும் பூச்சும் ஒளியை உள்ளேயே திருப்பிவிடுகின்றன. மேலே பொடி வில்லைகளைப் பதித்தும், பூச்சிலுள்ள மூலக்கூறுகளைப் படுக்கையாக அமைத்தும் கொஞ்சம் மீட்கிறார்கள்.

பெரிய தொல்லை நீலம். சிவப்பும் பச்சையும் புது முறைக்கு வந்துவிட்டன; நீலம் பெரும்பாலும் பழைய முறையிலேயே கிடக்கின்றது. நீல ஒளிக்கு வேண்டிய சக்தி அதிகமாகையால், அது தன்னைத் தரும் மூலக்கூறையே உடைத்துவிடுகின்றது. பாலிமருக்கு வேறு கஷ்டம். மையைப் போல அச்சடித்துவிடலாம் என்பது அதன் பெருமை. சுத்தம் செய்வது கடினம் என்பது அதன் குறை.

நீங்கள் வாங்கும் இத்திரைகள் பெரும்பாலும் கொரியாவிலும் சீனாவிலும் செய்யப்படுபவை. நமது அடையாற்றுக்குப் பக்கத்திலேயே, 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஏற்பட்ட ஐ.ஐ.டி.யில், இத்தகைய திரைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கின்றது. அதில் சர்க்கார் பணம் இருக்கின்றது. சர்க்கார் பணமென்றால் உங்கள் வரிப்பணம். அங்கே படிக்கும் பிள்ளைகள் யாரையாவது கண்டால் என்ன உத்தியோகம், என்ன சம்பளம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நீலம் என்னவாயிற்று என்றும் கேளுங்கள்.