சான்றிதழும் கைத்திறனும்



ஓசூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கருநாடக எல்லையை ஒட்டித் தளி என்னும் ஊர் இருக்கிறது. அதன் குளிர்ச்சியைக் கண்டு ஆங்கிலேயர் அதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தனர் என்பர். ரோசாவும் முட்டைக்கோசும் விளையும் மண் அது; தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த இளைஞரும் இளம்பெண்களும் விடியற்காலையில் ஓசூர்த் தொழிற்சாலைகளை நோக்கிப் பேருந்தில் புறப்படுகின்றனர். அவர்களுள் பலருடைய கையில் ஒரு சான்றிதழ் உண்டு. ஆலையின் வாயிலில் இருப்பவர் அந்தத் தாளை எவ்வாறு மதிக்கின்றார் என்பதுபற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். இதனைச் சிறு செய்தி என்று எண்ணிவிட வேண்டா. அந்த மதிப்பைப் பொறுத்தே ஒருவர் தொழில் தெரிந்தவராக உள்ளே செல்வதும், மூட்டை தூக்கும் ஒப்பந்த ஆளாக உள்ளே செல்வதும் முடிவாகின்றன.

ஓசூர் பழந்தொழில் நகரம் அன்று. தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம், அதாவது சிப்காட், 1971ஆம் ஆண்டில் தோன்றிய பிறகே அங்கே தொழிற்பேட்டை எழுந்தது. 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டின் ஆலை அங்கே தொடங்கியது; டி.வி.எஸ். மொபெட்டும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. பின்னர் டைட்டன் கடிகார ஆலை வந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984ஆம் ஆண்டில் கூட்டாக நிறுவிய கம்பெனி அது. அதன் கதையில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு.

கைக்கடிகாரத்தின் உள்ளுறுப்புகளைக் கோக்கக் கற்றுத்தரும் பள்ளி அந்நாளில் அவ்வட்டாரத்தில் இல்லை. ஆகவே டைட்டன் நிறுவனத்தார் அன்றைய தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பதினேழு, பதினெட்டு வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்தனர். தாமே பயிற்சி கொடுத்தனர். வயல்வெளியன்றி வேறொன்றும் அறியாத பிள்ளைகள் கடிகாரம் செய்தனர், நன்றாகவே செய்தனர். அம்மக்களின் கைக்குத் திறமை இல்லை என்னும் பேச்சு அன்றோடு பொய்யாயிற்று.

இதனை நான் மகிழ்ந்தே சொல்கின்றேன். ஆயினும் இதற்குள் ஒரு வினா மறைந்திருக்கின்றது. ஆலை தானே கற்பித்த திறமை ஆலைக்குள் செல்லும். ஆலைக்கு வெளியே அதற்கு என்ன சாட்சி? கடிகாரம் கோத்த கை நாளை வேறோர் ஆலைக்குப் போக நேர்ந்தால், "எனக்கு இது தெரியும்" என்று வாயால் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா? நாடு முழுவதும் ஒப்புக்கொள்ளும் பொதுச் சான்றிதழ் இருந்தால் திறமை தொழிலாளியின் சொந்தச் சொத்தாகும். இல்லையேல், அஃது அவர் வேலை செய்யும் ஆலையின் பொருளாகவே நின்றுவிடும்.

அவ்வாறாயின், பொதுச் சான்றிதழைத் தருகின்ற நம் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றனவே, அவற்றின் தாளை ஆலைகள் ஏன் முழுதும் நம்புவதில்லை? பல ஆண்டுகள் மாணவர்க்கு லேத் வேலை கற்பித்தவன் என்னும் முறையில் இதற்கு விடை கூறுகின்றேன்.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையைக் கடைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 25 எச்7 என்று எழுதியிருக்கும். அதன் பொருள், துளை 25 மில்லிமீட்டருக்குச் சற்றும் குறையக்கூடாது, மிகுந்தால் 0.021 மில்லிமீட்டருக்கு மேல் மிகக்கூடாது என்பதாகும். நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது அந்த இடைவெளி. பயிற்சி நிலையத்துத் தேர்வில் மாணவர் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு, பலமுறை அளந்து பார்த்து, ஒரே ஓர் உருப்படியைச் செய்து வைக்கின்றார். தேறிவிடுகின்றார். ஆலையிலோ அதே துளையை ஒரு பொழுதுக்குள் நூற்றுக்கணக்கில் கடைய வேண்டும். முதல் உருப்படி சரியாயிருப்பது பெரிதன்று. கடைசி உருப்படியும் சரியாயிருக்க வேண்டும். இடையில் வெட்டுளியின் முனை தேயும்; சூட்டினால் இரும்பு விரியும். எந்த உருப்படியோடு அளவு நழுவத் தொடங்கியது என்று கண்டு, இயந்திரத்தை உடனே திருத்துவதே ஆலை எதிர்பார்க்கும் திறமை. நம் தேர்வு அதனை அளப்பதே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை ஆசிரியர்மீது வீசுவது எளிது. ஒரு லேத்துக்கு முன் பத்து மாணவர் முறைபோட்டு நிற்கும் கூடத்தில் எந்த ஆசிரியர் நூறு துளை கடையச் சொல்ல முடியும்?

இங்கேதான் ஆலையும் கல்லூரியும் கைகோக்க வேண்டியிருக்கின்றது. ஜெர்மனி நாட்டில் தொழிற்பயிற்சிக்கான சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அங்கே பயில்வோர் வாரத்தில் சில நாள் ஆலையிலும் சில நாள் பள்ளியிலும் கற்கின்றனர். அதனினும் நான் பெரிதாக மதிப்பது அவர்களுடைய தேர்வு முறையை. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் சார்பாளரும் தொழிலாளரின் சார்பாளரும் சம எண்ணிக்கையில் அமர்வர். ஆசிரியரும் உடன் இருப்பர். தாம் தேர்ந்தெடுத்த ஒருவரைத் "திறமையில்லாதவர்" என்று பின்னால் எந்த முதலாளியும் சொல்ல முடியாது அல்லவா?

நம் நாட்டிலும் இதற்கான படிகள் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், ஆலைகள் அப்ரண்டிசுகளை ஏற்றுப் பயிற்றவேண்டும் என்று விதித்தது. 2013ஆம் ஆண்டில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. எந்தப் படியில் உள்ளவர் எதனை அறிந்திருக்க வேண்டும், எதனைச் செய்ய வல்லவராக இருக்க வேண்டும், எவ்வளவு பொறுப்பு ஏற்க வேண்டும் என்று அது வரையறுத்தது. முதலில் பத்துப் படிகளாக இருந்ததை 2023ஆம் ஆண்டில் எட்டாகச் சுருக்கினர். அவ்வாண்டிலேயே வந்த தேசிய மதிப்பீட்டுக் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு மதிப்பெண் அலகாகும்; வகுப்பறையில் கற்றாலும் பட்டறையில் கற்றாலும் கணக்கு ஒன்றுதான். 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் பிறந்த சமுதாயக் கல்லூரி முறையும் 1995ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கும் அடுத்த ஆண்டு சென்னைக்கும் வந்தது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளில் அதற்கு இடம் தந்தது. தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் புதிய இயந்திரங்கள் தர ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதனைக் கற்பிக்கும் ஆசிரியரை ஆண்டுக்கு ஒரு மாதமேனும் ஆலைக்குள் அனுப்பி வைக்காவிட்டால் புது இயந்திரமும் பழைய பாடத்தைத்தான் பேசும்.

இனி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆலை கேட்பதையெல்லாம் அப்படியே பாடமாக வைத்துவிட்டால் போதும் என்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தையே பாருங்கள். நேற்றுவரை எஞ்சின் பழுது பார்ப்பதே மோட்டார்த் தொழில் என்றிருந்தோம். 2021ஆம் ஆண்டில் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. ஓசூரில் ஏத்தர் நிறுவனமும் மின் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கியது. அவ்வண்டிகளில் பிஸ்டனும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. உத்தனப்பள்ளி அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைப்பேசி உறுப்புகள் செய்கின்றனர். அங்கே வேலை பார்ப்போருள் பெரும்பாலோர் பெண்கள். ஒரே ஒரு பொறியை இயக்க மட்டும் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு சான்றிதழ் பெற்றவர், அந்தப் பொறி மாறும் நாளில் என் செய்வார்? மீண்டும் வாயிலுக்கு வெளியே நிற்பார். வரைபடம் படித்தல், அளவெடுத்தல், மின்சாரத்தின் அடிப்படை, கணக்கு ஆகியவற்றை இரண்டாண்டு ஊன்றிக் கற்றவரோ, புதுப் பொறியை இரண்டு மாதத்தில் பழகிக்கொள்வார். அடிமரம் அகலமாக இருக்கட்டும்; ஆலை தரும் குறுஞ்சான்றிதழ்கள் அதன்மேல் கிளைகளாக வளரட்டும் என்பதே என் கருத்து.

தளிப் பக்கத்து மாணவர்க்கு இன்னும் ஒரு தேவை உண்டு. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று கருநாடகத்தின் தொழிற்பேட்டைகள் தொடங்கிவிடுகின்றன. ஓசூரில் செல்லும் தாள் அங்கேயும் செல்ல வேண்டும். மாநிலம் கடந்து மதிக்கப்படும் தேசியத் தொழிற்சான்றிதழை விட்டுவிட்டு, அச்சு அழகாக இருக்கின்றதே என்று தனியார் நிலையத்தின் தாளுக்குப் பணம் கட்டுவோரைக் கண்டிருக்கின்றேன். அவர்களுடைய தந்தையர் அந்தப் பணத்துக்காக ஆட்டை விற்றிருப்பர்.

ஆகவே, எந்தப் பயிற்சியிலேனும் சேரும்முன் அங்குள்ள ஆசிரியரிடம் தயங்காது சில வினாக்களைக் கேளுங்கள். தேர்வு வைப்பவர் யார்? ஆலையிலிருந்து யாரேனும் வந்து பார்ப்பாரா? பயிற்சிக் காலத்தில் எத்தனை நாள் ஆலைக்குள் நிற்க நேரும்? இந்தச் சான்றிதழைக் கொண்டு மேலே படிக்க இயலுமா? இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கின்றது. அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்கும் ஏறலாம். லேத்தின் முன் நின்றவர் பட்டம் பெற்று, அதே ஆலையில் வரைபடத்தில் கையொப்பமிடும் இடத்துக்கு வந்ததை நான் கண்டிருக்கின்றேன். அவர் தளிக்கு அப்பால், பேருந்து நின்று திரும்பும் ஊரிலிருந்து வந்தவர்.