ஆனந்தரங்கர் மனையைக் காணச் செல்வோர்க்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகின்ற தைத் திங்களில், பொங்கல் கழிந்தபின், நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒருங்குகூடிப் புதுச்சேரிக்குச் சென்று ஆனந்தரங்கப் பிள்ளையின் பழைய மனையைக் கண்டுவருதல் வேண்டும் எனச் சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். அம்மனையின் பெருமையையும், செல்வோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களையும் எடுத்துரைக்குமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். எமக்குத் தெரிந்த அளவில் சில சொல்லுவோம்.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையாருடன் புதுச்சேரியை அடைந்து, வாணிகத்தில் வளர்ந்து, துய்ப்ளே ஆளுநராயிருந்த காலத்தில் (1742-1754) பிரெஞ்சுக்காரரின் தலைமைத் துபாசியாக உயர்ந்தார். செல்வரும் துபாசிகளும் அக்காலத்துப் பலர் இருந்தனர். அவர்களுள் இவரை மட்டும் நாம் நினைப்பதற்குக் காரணம் ஒன்றே. இவர் 1736 செப்டம்பர் முதல் தம் இறுதிக்காலம் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். கப்பல் வந்தமை, சரக்கு விலை, ஆளுநர் மாளிகையில் நடந்த உரையாடல், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வயப்பட்டமை, 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டமை, அவ்வாண்டிலேயே வேதபுரீசுவரர் கோயில் இடிபட்டமை ஆகிய அனைத்தும் அதன்கண் உள.

1761 சனவரியில், நகரம் ஆங்கிலேயர் கைப்பட்ட நாள்களிலேயே அவர் உயிர் நீத்தார். வென்றோர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்வழிவுக்குத் தப்பி நின்ற மிகச் சிலவற்றுள் ஒன்றாக அவர்தம் மனை கருதப்படுகின்றது. கீழ்த்தளம் நம் நாட்டு முறையில் அமைந்தது. ஆங்குச் செதுக்கு வேலை பொருந்திய மரத்தூண்களைக் காணலாம். மேல்தளமோ ஐரோப்பிய முறையில் காரைத் தூண்கள் கொண்டது. பகலெல்லாம் இரு மொழிகளுக்கிடையே நின்று பேசியவரின் வீடும் அவ்வாறே இரு முறைகளால் எழுந்தது என்க.

இனி ஆயத்தங்களைக் கூறுவோம். முதலாவது, இசைவு. அம்மனை தனியார் உடைமை. வேண்டியபோது நுழைதற்குரிய பொதுவிடம் அன்று. எத்தனை பேர், எந்நாள், எந்நேரம் என்பதைக் குறித்து முன்னரே எழுதி இசைவு பெறல் வேண்டும். இசைவு கிட்டாதாயின் தெருவில் நின்று கண்டு மீள்வதற்கும் மனம் ஒருப்பட வேண்டும். கிட்டுமாயின் பதின்மர் பதின்மராய்ச் செல்லுக. தூண்களில் சாய்தலும், சிறுவர் அவற்றைக் கீறுதலும் கூடா. பிறர் வீட்டிற்கு விருந்தாய்ச் செல்கின்றோம் என்பதை மறவற்க.

இரண்டாவது, வழி. வெயில் ஏறுமுன் கடற்கரையில் தொடங்குக. ஆங்குத் துய்ப்ளேயின் சிலை நிற்கின்றது. அதனைக் கண்டு, பிரெஞ்சுக்காரர் குடியிருந்த தெருக்களைக் கடந்து, இரு பகுதிகளையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு நடந்து வருக. அங்காடியை அணுகினால் ரங்கப்பிள்ளையின் பெயரால் வழங்கும் தெரு தோன்றும். துபாசி நாள்தோறும் எவ்விரு உலகங்களுக்கிடையே சென்றுவந்தார் என்பதைக் கால்களே உணர்த்தும்.

மூன்றாவதே தலையாயது, அது படிப்பு. நாட்குறிப்பில் ஒரு வாரத்துச் செய்தியையேனும் ஒவ்வொரு குடும்பத்தாரும் கூடியிருந்து படித்துவிட்டு வருக. படியாது சென்றால் தூணையும் சுவரையும் கண்டு திரும்புவோமேயன்றி, அம்மனிதரைக் காணமாட்டோம்.

இதனை யாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதனைச் சொல்ல எமக்கு நாணமாயிருக்கின்றது, ஆயினும் சொல்லுவோம். எம் பாட்டனார் நெல் வாணிகம் செய்தவர். அவர் கைப்பட எழுதிய நாள்வழியும் பேரேடும் எம் வீட்டுப் பரண்மேல் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. யாம் புலவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆண்டு, போகிக்கு வீட்டை ஒழித்தபோது, "இவற்றை என்னப்பா செய்வது?" என்று அன்னையார் வினவினார். யாம் நான்கு ஏடு புரட்டினோம். சந்திப் பிழை, எழுத்துப் பிழை, நெல் விலை, கைமாற்று, எவர் வீட்டுத் திருமணத்திற்கோ வைத்த மொய்! "இதில் ஒன்றும் இல்லை, அம்மா" என்றோம். விடியற்காலைத் தீயில் அனைத்தும் எரிந்தன.

சில ஆண்டுகள் சென்றபின் ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எம் கைக்கு வந்தது. அதுவும் பேச்சுத் தமிழ். பிற மொழிச் சொற்கள் மலிந்தது. இலக்கணம் கற்றோர் முகஞ்சுளிக்கும் நடை. அதிலும் விலையும் கடனும் விருந்துமே பேசப்பட்டன. அன்றுதான் யாம் எரித்தது இன்னதென்று அறிந்தோம். எம் பாட்டனாரின் குரலை இனி எந்நூலகத்தில் தேடுவோம்?

ஆனந்தரங்கரின் ஏடுகளும் எண்பத்தைந்து ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தவையே. 1846ஆம் ஆண்டில் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியதோ 1948இல்தான். நம்மவர் எழுதியதன் அருமையைப் பிறர் கண்டு சொன்ன பின்னரே நாம் கண்டோம். ஆயினும், அவர் வழித்தோன்றல்கள் அவ்வேடுகளைத் தீயிலிடாது வைத்திருந்தனர். அவர்கள் செய்த அப்பேருதவியால் அன்றோ பிறரும் காண இயன்றது!

ஆதலின், அன்பர்களே! நம் பயணத்திற்கு முன்னே போகி வருகின்றது. உங்கள் பரண்களில் உள்ள பழங்கணக்கு, கடிதம், பத்திரம், திருமண ஓலை எதனையும் இவ்வாண்டு தீயிலிடாதீர்கள். துணியில் பொதிந்து வையுங்கள். பயணத்திலிருந்து மீண்டபின் சங்கத்திற்குக் கொணருங்கள். எவர் வீட்டில் எது உள்ளது என்பதற்கு ஒரு பட்டி எழுதுவோம். எழுத்துப் பணியை யாமே மேற்கொள்கின்றோம். எம் வீட்டிலிருந்து அப்பட்டியில் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டு ஏடுகளைப் படியெடுத்தேனும் எம் பிழைக்குக் கழுவாய் தேடிக்கொள்வோம்.