சிரிக்க வைத்தவருக்கு இரண்டாம் இடம்



கேரளத்தில் தேர்தல் வந்தால் கூடவே ஒரு பழைய சினிமாப் பாட்டும் வந்துவிடும். 1966இல் வெளியான 'ஸ்தானார்த்தி சாராம்மா' படப் பாட்டு அது. நடக்கவே முடியாத வாக்குறுதிகளை அள்ளிவிட்டு ஓட்டுக் கேட்கும் கேலிப் பாட்டு. பாடியவர் தேர்ந்த பின்னணிப் பாடகர் அல்ல. படத்தில் நடித்த அடூர் பாசியேதான். நம்மூர் மேடைப் பேச்சாளரின் தொண்டைக்கட்டு வரை அந்தக் குரலில் கேட்கலாம்.

பாஸ்கரன் நாயர் என்ற அடூர் பாசி 1927இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அடூர் என்ற ஊர்ப் பெயர் தந்தையின் குடும்பத்தோடு வந்தது. தந்தை ஈ.வி. கிருஷ்ண பிள்ளை வக்கீல். அதைவிடப் பெரிதாக, மலையாள நகைச்சுவை எழுத்தின் முன்னோடி. தாய்வழித் தாத்தா சி.வி. ராமன் பிள்ளை. 'மார்த்தாண்டவர்மா' எழுதிய அதே சி.வி.தான். சரித்திர நாவலாசிரியராகவே அவரை நாம் அறிவோம். ஆனால் திருவனந்தபுரத்துப் படித்த வர்க்கத்தைக் கிண்டல் செய்யும் பிரகசனங்களையும் அவர் எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்றான 'குறுப்பில்லாக்களரி' 1909இல் வந்தது. ஆக, தாத்தா எழுதிய கேலி, அப்பா எழுதிய கேலி, பேரன் நடித்த கேலி. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் இந்த ஊரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது!

ஈ.வி. 1938இல் காலமானபோது பாசிக்கு வயது 11. வளர்ந்த பிறகு அவரை மேடைக்கு இழுத்தவர் நாடகாசிரியர் டி.என். கோபிநாதன் நாயர். வானொலி நேயர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் அது. திருவனந்தபுரம் வானொலி நாடகங்களுக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். அவருடைய நாடகங்களில் நடித்துத்தான் பாசிக்குக் கை தேர்ந்தது. 1953இல் 'திரமால' படத்தில் ஒரு துண்டு வேஷம் கிடைத்தது. ஊர் அவரைக் கவனிக்க 1961இல் ராமு காரியாட்டின் 'முடியனாய புத்ரன்' வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நிற்க நேரமில்லை. மலையாளப் படங்களில் பெரும்பகுதி அப்போது நம் கோடம்பாக்கத்தில்தான் எடுக்கப்பட்டது. நெடிய ஒல்லி பாசி, குட்டையான பகதூர்: இந்த ஜோடி இல்லாத படம் விலைபோகாது என்ற காலம். ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்கள். அவ்வளவும் நல்ல படங்களா என்றால், இல்லை. கதைக்கு ஒட்டாமல் நடுவில் செருகிய காமெடி டிராக்குகள் ஏராளம். அவற்றிலும் பாசி உடம்பைச் சும்மா விட மாட்டார். தோளும் கழுத்தும் வசனத்துக்கு முன்பே பேசிவிடும். நாகேஷைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது விருதுகளுக்கு வருகிறேன். 1974இல் சேதுமாதவனின் 'சட்டக்காரி'. நம் லட்சுமி நாயகி; பின்னர் இந்தியில் 'ஜூலி' ஆன படம். பாசி அவருக்கு அப்பா. ரயில் எஞ்சின் ஓட்டும் ஆங்கிலோ இந்தியர். கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. மறுபடி 1979இல், 'செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்கள்'. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாமின் படம். தன் வர்க்கம் செய்த பாவங்களுக்கெல்லாம் தானே குற்றவாளி என்று பயந்து நடுங்கும் நிலக்கிழார் பாத்திரம். அதற்கும் சிறந்த நடிகர் விருது.

1984இல் பாலச்சந்திர மேனனின் 'ஏப்ரல் 18' வந்தது. ஷோபனாவின் முதல் மலையாளப் படம். அதில் ஊழல் பேர்வழியான மாமனார் அழிமதி நாராயண பிள்ளையாக பாசி வெளுத்து வாங்கினார். அசல் காமெடி. அதற்குக் கிடைத்தது இரண்டாவது சிறந்த நடிகர் விருது.

கணக்கு புரிகிறதா? அழுதால், நடுங்கினால் முதலிடம். சிரிக்க வைத்தால் இரண்டாமிடம். இது கேரளத்தின் குறை மட்டுமல்ல. நம் நாகேஷுக்கு ஒரே ஒரு தேசிய விருது. அதுவும் 1994இல், 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த தகப்பனாக நடித்ததற்கு. என்னைக் கேட்டால், செறியாச்சனின் பயம் நம்மைத் தொடுவதே பாசி ஒரு காமெடியன் என்பதால்தான். அந்த நடுக்கத்தில் சிரிப்பும் கலந்திருக்கிறது. வேறொருவர் நடித்திருந்தால் வெறும் சோகமாக முடிந்திருக்கும்.

இயக்குநராகவும் சில படங்கள் செய்தார். 'ஆச்சாரம் அம்மிணி ஓசாரம் ஓமனா' அதில் ஒன்று. அவர் நடிப்பின் பக்கத்தில் அது நிற்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1990 மார்ச் 29 அன்று, பிறந்த ஊரான திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

நேயர்களே, பாசியைப் பார்த்ததில்லை என்றால் 'ஸ்தானார்த்தி சாராம்மா'வில் தொடங்குங்கள். மலையாளம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன!