திறந்த கதவும் திரும்பி வந்த மாலுமியும்

மனிதன் தன் விருப்பப்படி நடக்கின்றானா, படைத்தவன் வகுத்தபடி நடக்கின்றானா என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்தார். வைணவப் பெரியோர் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் உவமை காட்டி வாதிட்டனர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கின்றது. பூனைக் குட்டியையோ தாய் கவ்விச் செல்கின்றது. நாம் இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டியவர்களா, அவன் கவ்விச் செல்லக் காத்திருக்க வேண்டியவர்களா? கிறிஸ்தவ உலகமும் இதே கேள்வியை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றது. இன்று அதனை ஒரு மாலுமி எழுதிய நூலைக் கொண்டு பார்க்க விரும்புகின்றேன். அந்த நூலின் கதை நமது திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கொட்டியாரக் குடாவில் ஆரம்பமாகின்றது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் பாய்மரத்தை இழந்தது. பழுது பார்ப்பதற்காக அது கொட்டியாரத்துக்கு வந்தது. 1660 ஏப்ரலில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பித்தானையும் அவரது ஆட்களையும் கரையில் வைத்துச் சிறைப்பிடித்தனர். பிடிபட்டவர்கள் 16 பேர். கப்பித்தானின் பெயரும் மகனின் பெயரும் ஒன்றே: றொபேட் நொக்ஸ். மகனுக்கு அப்பொழுது வயது 19. அவர்கள் பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டுவது வழக்கம். 1893 இல் அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி சொல்வதற்கு மகனை அனுப்பினார்கள். தந்தை இரகசியமாகச் சொல்லியனுப்பியது வேறு: கப்பலைக் காப்பாற்று, ஆனால் என்னை இந்த நிலையில் விட்டுவிடாதே, திரும்பி வா. மகன் வாக்குக் கொடுத்தார். கப்பலில் ஏறினார். எச்சரிக்கையாக இருக்கும்படி மாலுமிகளுக்குச் சொன்னார். அந்தக் கணத்தில் அவர் சுதந்திர மனிதர். தடுப்பார் எவருமில்லை, கடல் திறந்து கிடக்கின்றது. எனினும் அவர் கரைக்குத் திரும்பி வந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கைதியாக இருந்தார்.

இதனை விதி என்பதா, விருப்பம் என்பதா?

இதற்குக் கிறிஸ்தவர்கள் ஒரே விடை சொன்னதில்லை. படைப்பைப் பற்றி அவர்களிடையே பெரிய பிணக்கு இல்லை. கடவுள் மனிதனைத் தமது சாயலாகப் படைத்தார். 'ஆம்' என்று சொல்லவும் 'இல்லை' என்று சொல்லவும் வல்லவனாகப் படைத்தார். பாவத்தில் விழுந்த பின்னர் அந்த வல்லமையில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதிலேதான் சிக்கல். மனிதன் முயன்றால் நன்னெறியில் நிற்கலாம் என்றார் பெலாஜியஸ். கடவுளின் கிருபை முந்திக்கொள்ளாவிடில் அவனால் எழவும் இயலாது என்றார் புனித அகுஸ்தீனார். 418 இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது. 

வியப்பு என்னவெனில், இந்த வாதத்தின் பிற்காலக் கிளைகள் யாவும் கப்பலேறி நமது துறைமுகத்துக்கு வந்துசேர்ந்தன. திருகோணமலைக் கோட்டையில் அமர்ந்த ஒல்லாந்தர், 1618-19 இல் டோர்ட் நகரில் கூடிய சங்கத்தின் வழிவந்தவர்கள். யார் இரட்சிக்கப்படுவார் என்பது கடவுளால் முன்குறிக்கப்பட்டது, அவருடைய கிருபையை எதிர்த்து நிற்க முடியாது என்பது அவர்கள் கொள்கை. 1814 இல் இலங்கைக்கு வந்து, பின்னர் திருகோணமலையிலும் பணியாற்றிய மெதடிஸ்த மிசனறிமாரின் ஆசான் ஜோன் வெஸ்லியோ, கிருபை எல்லோரையும் முந்திச் சென்று தொடுகின்றது, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்றார். 1893 இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தில் நெடுங்காலம் உழைத்த யேசு சபையினருக்கு லூயிஸ் டி மொலினா என்னும் முன்னோடி உண்டு. கடவுள் யாவற்றையும் முன்னறிவார், ஆயினும் அந்த அறிவு மனிதனின் சுதந்திரத்தைக் கெடுக்காது என்று 1588 இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். ஒரே ஊரில் மணியோசை கேட்கும் தூரத்துக்குள் இந்த மரபுகள் அயலவராக வாழ்ந்திருக்கின்றன.

நொக்ஸ் வளர்ந்தது தெய்வ சித்தமே யாவும் என்று நம்பிய குடும்பத்தில். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலங்கை வரலாற்று நூலில், தமக்கு நேர்ந்த ஒவ்வொன்றிலும் கடவுளின் கையைக் காண்கின்றார். அவற்றுள் ஒன்று மறக்க முடியாதது. 

1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். தாமும் நோயுற்றிருந்த மகன் அவரை அடக்கம் செய்தார். அதன் பின்னர் ஒரு நாள் நொக்ஸ் மீன்பிடித்துக்கொண்டிருக்கையில், ஒரு முதியவர் கையில் புத்தகத்தோடு அவ்வழியே வந்தார். 1656 இல் போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவருக்குக் கிடைத்த புத்தகம் அது. ஆங்கில வேதாகமம்! நொக்ஸ் அதை விரித்தபோது கண்ணில் பட்டது அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரம். இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும் என்று சிறைக்காவலன் ஒருவன் பவுலைக் கேட்கின்றான். விசுவாசித்தால் போதும் என்ற பொருள்பட விடை வருகின்றது. காட்டுக் கிராமமொன்றில் கைதியாயிருந்த இளைஞருக்கு இது வானத்திலிருந்து வந்த கடிதமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால், நேயர்களே, அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்துசேர்ந்த விதத்தைக் கவனியுங்கள். நொக்ஸிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு பொன் வராகன். அதையே கொடுத்துவிட நினைத்தார். தடுத்தவன் உடனிருந்த கறுப்புச் சிறுவன். கப்பித்தான் பறங்கிப்பேட்டையில் இருந்து பணிவிடைக்காகக் கொண்டுவந்த சிறுவன் அவன். நீங்கள் ஆசையை வெளிக்காட்டாதிருங்கள், மலிவாக நான் வாங்கித் தருகின்றேன் என்றான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்கு வேதாகமம் கைமாறியது. தெய்வ சித்தம் அங்கே இயங்கியது என்றால், அது பறங்கிப்பேட்டைச் சிறுவனின் புத்திக்கூர்மை வழியாகத்தான் இயங்கியது.

அந்தச் சிறுவனின் பெயரை நொக்ஸ் நமக்குச் சொல்லவில்லை. அவனைப் பற்றி ஒரு குறை மாத்திரம் சொல்கின்றார். தன் நிறத்தையொத்த மக்களிடம் எசமான் கைதியாகிவிட்டதைக் கண்டபின், தனக்கு இசைந்ததைத் தவிர வேறெந்தக் கட்டளைக்கும் அவன் கீழ்ப்படியவில்லையாம்! நொக்ஸ் குறையாக எழுதிய அந்த வரியை, ஒரு மனிதனின் சுயாதீன சித்தம் கண்விழித்ததற்குச் சாட்சியாகவே நான் வாசிக்கின்றேன். எசமானின் விருப்பத்துக்கு மாத்திரமே இடமிருந்த வாழ்வில், முதன்முறையாக அவன் 'இல்லை' என்று சொல்கின்றான். படைத்தவனின் சாயல் என்பது கப்பித்தானின் மகனுக்கு உரியதென்றால், இவனுக்கும் உரியதன்றோ?

நொக்ஸ் தொப்பி பின்னினார், பன்றி வளர்த்தார், நெல் கடன் கொடுத்தார், ஊரூராகச் சாமான் விற்றார். விற்கப் போன வழிகளையெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டார். 1679 இல் ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு அநுராதபுரக் காடுகளைக் கடந்து, அக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். எல்லாம் கடவுள் செயல் என்று நம்பியவர் கைகட்டி இருக்கவில்லை. விசுவாசம் என்பது சோம்பலுக்கு மறுபெயர் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் 1680 களில் அதே நொக்ஸ், கம்பனிக் கப்பலின் கப்பித்தானாக மடகஸ்காருக்குப் போனார். சென் ஹெலினா தீவுக்கு அடிமைகளை வாங்கும் பயணம் அது. இருபது ஆண்டுகள் தன் சுதந்திரத்துக்காகச் செபித்தவர், பிறர் சுதந்திரத்துக்கு விலைபேசப் போனார். அவருடைய விசுவாசம் பொய் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அது தன் மீட்போடு நின்றுவிட்டது என்பதே என் துயரம்.

அவர் கண்ணில் பட்ட அந்தப் பதினாறாம் அதிகாரத்தை முழுமையாக வாசித்துப் பாருங்கள். நள்ளிரவில் நிலம் அதிர்ந்து சிறைக் கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடவில்லை. ஓடிவிட்டார்கள் என்றெண்ணித் தன்னையே மாய்க்கப் போன காவலனைப் பவுல் தடுக்கின்றார். திறந்த கதவைக் கண்டும், இன்னொருவனின் உயிரை எண்ணி நிற்பவனே உண்மையில் சுதந்திரமானவன். கொட்டியாரத்தில், தந்தைக்காகத் திரும்பி வந்த 19 வயது இளைஞர் அந்தச் சுதந்திரத்தை அறிந்திருந்தார். 

நொக்ஸின் கண் நின்றது 30 ஆம், 31 ஆம் வசனங்களில். இரண்டு வசனம் தள்ளி, 33 இல், விசுவாசித்த அந்தக் காவலன் முதலில் செய்த காரியம் சொல்லப்படுகின்றது: அந்த இரவிலேயே கைதிகளை அழைத்துப்போய் அவர்களுடைய காயங்களைக் கழுவினான்.

கிருபை முந்தியதா, விருப்பம் முந்தியதா என்று சங்கங்கள் கூடி வாதிட்டன, இனியும் வாதிடும். இரட்சிப்பு ஒருவனை வந்தடைந்ததா என்பதை அறிய எனக்கு அந்த ஒரு வசனம் போதும்.