கரும்புத் தோகைக் கரியில் சமையல்



கரும்பு வெட்டியதும் காய்ந்த தோகையை வயலிலேயே கொளுத்துவார்கள். அதுவும் அடுப்பு எரிக்கும் பொருள்தானே! புனேயில் ஆனந்த் கார்வே 1996-இல் ‘ஆர்ட்டி’ நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே தோகையைக் கரியாக்கினார்கள். 2002-இல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

அந்தக் கரியில் சமைக்க ‘சராய் குக்கர்’ செய்தார்கள். அடியில் சுமார் 100 கிராம் கரி. மேலே மூன்று கிண்ணங்கள்: அரிசி, பருப்பு, காய். சூடான காற்று பாத்திரத்தைச் சுற்றி மேலே ஏறும். உள்ளே நீராவியில் எல்லாம் வேகும். ஐந்து பேர் சாப்பிடலாம். ஊதுகுழல் வேண்டாம். அடுப்படியில் காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

ஆனால் கவனம்! கரியில் புகை குறைவு. என்றாலும் மணமில்லாத நச்சுக் காற்று வரும். மூடிய அறையில் அது ஆளையே கொல்லும். வாசலில் வைத்துச் சமையுங்கள். நெருப்பு அணைந்த பிறகு உள்ளே எடுத்து வாருங்கள்.